மயில் செதுக்கிய கண்ணாடி

நாத்தனார் கீழப்பழுவூரில் புதுவீடு கட்டிக் குடிபோனபோது, அரியலூர் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த தேக்குச் சட்டக் கண்ணாடியை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்துப் பரிசாகக் கொடுத்தேன். கூடத்தில் மாட்டியதும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பக்கத்து வீட்டு அம்மா மட்டும் சட்டத்தில் செதுக்கியிருந்த, கொண்டை உடைந்த மயிலைத் தடவிப் பார்த்தார்.

“இது எம் பொண்ணுக்கு நாங்க சீராக் குடுத்ததுங்க. அவ செத்ததும் போய்க் கேட்டேன். ஒடைஞ்சு போச்சுன்னுட்டாங்க அவ மாமியா வூட்ல.”

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி, “எடுத்துட்டுப் போங்கம்மா” என்றாள்.

“வேணாம்மா. அங்க மாட்டுனா அவ அப்பா தாங்கமாட்டாரு. இங்கயே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன்.”

நாத்தனார் கண்ணாடியைத் திரும்ப மாட்டினாள். பந்தியில் நான் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடினேன்.