கொழும்புக்குக் கொண்டுபோன லேகிய டப்பா

படிப்பக நண்பர்களே, இதைத் தனுஷ்கோடித் துறையில், இலங்கைக் கப்பலுக்குக் காத்து நின்று எழுதுகிறேன்.

நம் தெருவில் ஒருவன் கொழும்புக்குக் கிளம்பினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு மதினி, கொழும்பில் கடை வைத்திருக்கும் தன் அண்ணனின் வயிற்றுக்கோளாறுக்காக ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். நானும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ரயில் மண்டபம் தாண்டியதும், பக்கத்தில் இருந்த புகையிலை வியாபாரி மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, பையில என்ன, கஞ்சா லேகியமா?"

"ஆமா, எதிர்வீட்டு மதினி குடுத்தது. நம்மூரு சர்க்கார் லைசென்ஸ் கஞ்சாக் கடையில வாங்கிக் கிண்டினதுதான்."

"அந்த லைசென்ஸு கடலுக்கு அங்கிட்டுச் செல்லாதுண்ணே. இம்புட்டுக்காணு இருந்தாலும் உள்ள தூக்கி வச்சிருவான். அடுத்தவுக டப்பான்னு சொன்னா எவன் நம்புவான்?"

பாம்பன் பாலம் வந்ததும் டப்பாவோடு ஜன்னலுக்கு ஓடினேன். எனக்கு முன்பே இரண்டு மூன்று ஜன்னல்களில் பொட்டலத்தோடு கைகள் நீண்டிருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

டப்பா கடலுக்குள் போய்விட்டது. ஆனால் நெய் கசிந்து, பையிலும் வேட்டியிலும் அதே வாசம். அக்கரையில் இறங்கியதும் சுங்கக்காரர்கள் மூட்டை முடிச்சையெல்லாம் முகர்ந்து பார்ப்பார்களாம். கப்பல் சங்கு ஊதிவிட்டது.

மதினியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்து எழுதுங்கள். என் கொழும்பு விலாசத்துக்கே போடுங்கள். அங்கே நான் இல்லையென்று கடிதம் திரும்பி வந்தால், எந்த விலாசத்துக்குப் போடுவது என்று உங்களுக்கே விளங்கும்.