பாட்டுக்குள்ளே ஓர் ஓட்டை

போன சனிக்கிழமை கல்முனை பஜாரில் ஒரு புடவைக் கடை திறந்தார்கள். ஹஜ் பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். வாசலில் ஆளுயர ஸ்பீக்கர்கள். கொழும்பிலிருந்து ஒரு டீஜேயை வேறு கூப்பிட்டிருந்தார்கள் – கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் திருப்பிய தொப்பி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

நான் உடுக்க ஒரு சாரம் வாங்கப் போனவன். அவர் போட்ட பாட்டைக் கேட்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது. அது எங்கள் றமீஸின் ரீமிக்ஸ்! ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு கனத்த குரல் அந்த டீஜேயின் பெயரைச் சொல்லி உறுமியது.

றமீஸ் யார் என்கிறீர்களா? சாய்ந்தமருதில் போன் ரிப்பெயார் கடை வைத்திருப்பவர். ஓய்வு நேரத்தில் பழைய பாட்டுகளுக்குப் புது டிரம்ஸ் போட்டு, கல்முனை – அக்கரைப்பற்று பஸ்காரர்களுக்குக் கொடுப்பார். அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் அவருடைய வேலையைக் கேட்டிருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது.

முதலில் எனக்கும் தெரியாது. பஸ்காரரிடம் விசாரித்து அவரைத் தேடிப் போனதே சண்டை பிடிக்கத்தான். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்... திடீரென்று குரலும் டிரம்ஸும் அடங்கி, வெறும் ‘டிக் டிக்’ மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு பழையபடி தூக்கி அடிக்கும். “ஏன் தம்பி, பாட்டுக்குள்ள இப்பிடி ஓட்டை விட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

சிரித்தார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். “அது கொண்டக்டர்ட இடம் காக்கா. ஊர்ப் பேரு கூப்பிட அந்த மனிசன் தொண்டை கிழியக் கத்துறாரு. அதான், பாட்டே கொஞ்சம் ஒதுங்கி நிக்கட்டும் எண்டு செஞ்சன்.”

அதன் பிறகு கவனித்தேன். பாண்டிருப்பைச் சேர்ந்த கொண்டக்டர் ஜெயக்குமார், பாட்டு அடங்கும் வரை காத்திருந்துதான் கூப்பிடுகிறார்!

கட்டாரில் வேலை செய்த காலத்தில் என் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். ஹவுஸ் மியூசிக் பைத்தியம். ஹவுஸ் பாட்டுகளின் தொடக்கத்தில் நெடுநேரம் வெறும் டிரம்ஸ் போவது ஏன் என்று அவர்தான் சொல்லித்தந்தார். ஒரு பாட்டை இன்னொரு பாட்டோடு டீஜே கோர்ப்பதற்கு விட்ட இடமாம். ஆடுகிறவன் கவனிக்கவே மாட்டான். அதை யோசித்துச் செய்த ரீமிக்ஸ்காரரின் பெயர் கெசட் உறையில் எறும்பு எழுத்தில் கிடக்கும். பாடியவரின் படம் முன்னால், பெரிதாக! சிகாகோவிலும் நியூயோர்க்கிலும் எத்தனை பேர் அந்த எறும்பு எழுத்தோடேயே முடிந்து போனார்களோ...

றமீஸுக்கு அந்த எறும்பு எழுத்தும் இல்லை. தன் பெயரைத் தானே போடுவது பெருமையடிப்பது மாதிரி என்று ஒரு கூச்சம். அதுவே வினையாகிவிட்டது. அந்தக் கொழும்பு டீஜே முன்பே அதே பாட்டில் தன் பெயரைச் சேர்த்து யூடியூப்பில் ஏற்றினார். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள், பஸ்களுக்குப் பாட்டுக் கொடுக்கும் றமீஸைத்தான் கள்ளன் என்று கீழே எழுதினார்கள்.

“மகள்ட்ட ஸ்கூல்ல கேட்டிருக்காங்க காக்கா, உங்கட வாப்பா பாட்டுக் களவெடுக்கிறவரா எண்டு. எல்லாத்தையும் அழிச்சிப்போட்டு ரிப்பெயார் வேலையோட இருக்கப் போறன்.” இப்படி அவர் சொன்னது கடைத் திறப்புக்கு இரண்டு நாள் முன்பு. எனக்கு மனசே ஆறவில்லை.

அன்று கடை வாசலில் றமீஸும் நின்றார் – மகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுக்க வந்திருக்கிறார். பாட்டைக் கேட்டதும் முகம் செத்துப் போனது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அப்போது பாட்டு அடங்கியது. ‘டிக் டிக்’ மட்டும்.

“சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று... ஏறு ஏறு ஏறு!”

கடைக்குள்ளிருந்து ஒரு குரல். பார்த்தால் ஜெயக்குமார்! ஒரு கையில் பெஞ்சாதிக்கு எடுத்த சாரி, மறுகை பஸ் கம்பியைப் பிடிப்பது போல மேலே. சொல்லிவைத்தது போல டிரம்ஸ் திரும்ப அடித்தது. பஜாரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த பஸ்ஸில் போகாதவர் அங்கே யார்?

டீஜே பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டார். “என்ன அண்ணன், யாரைக் கூப்பிடுறீங்க?”

ஜெயக்குமாருக்கு வெட்கம். “பழக்கதோசம் தம்பி, குறை நினைக்காதீங்க. அது நான் கூப்பிடுறதுக்கு எண்டே விட்ட இடம். இந்த மிக்ஸச் செஞ்சு, இடமும் விட்டுத் தந்த ஆள் அந்தா போறாரு!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். றமீஸ் தலையைக் குனிந்துகொண்டார். மகள் குனியவில்லை. “ஓம், என்ட வாப்பாதான்!” என்றாள், மைக் இல்லாமலே பஜார் முழுக்கக் கேட்கும்படி.

டீஜேயையும் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது. கண்ணாடியைக் கழற்றினார். மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டார். பெயர் கேட்டு, றமீஸ் என்று மூன்று தடவை சொன்னார்.

“இனியாவது உங்கட பேரைப் போடுங்க தம்பி, அந்த ஓட்டை சும்மாதானே கிடக்கு” என்றேன். றமீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. “அது கொண்டக்டர்ட இடம் காக்கா!”

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். பாட்டு அடங்கியது. ஜெயக்குமார் தன் இடத்தைத் தானே பங்கு போட்டுவிட்டார். “சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று... றமீஸ் மிக்ஸ்!”

பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரர், அந்தக் கடைசி ஊர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்தான் என்றேன்.