யாரும் படுக்காத மெத்தை

கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் படுக்கை வசதியுள்ள ஒரு கேரவன் வண்டியை ஆசை ஆசையாய் வாங்கினார். நிறுத்த இடம், டயர், வரி என்று யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிடவே, விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார்.

வாங்க நினைத்தவர் தன் மகனோடு பார்க்க வந்தார். பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா உள்ள எப்படிண்ணே இருக்கும்? தூக்கம் வருமா?" என்று கேட்டார்.

பெயிண்டரின் மனைவி சிரித்துவிட்டாள்.

"அவரை ஏன் கேக்குறீங்க? ரெண்டு தடவை டூர் போனோம். கீறல் விழுந்துடும்னு எங்களை லாட்ஜுல தூங்க வெச்சார். மெத்தையில பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கல. இந்த வீட்டு மகாராணி இதுதான், நாங்கெல்லாம் வேலைக்காரங்க!"

அதற்குள் வந்தவரின் மகன் செருப்போடு ஏறி மெத்தையில் குதிக்க ஆரம்பித்திருந்தான். அதட்டுவதற்குப் பெயிண்டர் வாயைத் திறந்தார். பின்னால் மெல்லிய குரல் கேட்டது. அவருடைய மகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படியருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, விக்கத்தானே போறோம்? இப்ப நான் ஏறலாமா?"

அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.