ஈரக் காப்பிக் கொட்டையோடு தாண்டிக்குடி முகாமுக்கு

மதுரையில் சின்னதாக ஒரு காப்பித்தூள் கடை வைத்திருக்கிறேன். கொட்டை தருவது தாண்டிக்குடி ரஹ்மத் அக்கா. தோட்டங்களில் பழம் வாங்கி, தோல் நீக்கி, காயவைத்து அனுப்புவார். போன கார்த்திகையில் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் ஏறவில்லை. சின்ன வண்டிக்காரர்களும் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். என் கடையில் இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே அவர் கொட்டை ஈரத்தோடு கிடந்தது. சிறுதொழில் செய்பவர்களுக்கு அரசு உதவி முகாம் நடக்கிறது, வாங்குகிற நீயும் வந்து பேசினால் நல்லது என்று அக்கா கூப்பிட்டார். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு ஆரப்பாளையத்தில் பஸ். வத்தலக்குண்டில் மாறி அய்யம்பாளையத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து ஜீப், ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். ஆள் நிரம்பும்வரை எடுக்கமாட்டார்கள். எனக்கோ பொறுமையாக உட்காரவே முடியவில்லை.

"கொஞ்சம் வெரசா போகலாமாண்ணே?" என்றேன், ஒருவழியாகக் கிளம்பியதும்.

"ரோடு பாதிதான் கெடக்கு தங்கச்சி. வெரசா போனா மருதாநதி டேம்லதான் போயி நிப்போம்" என்றார் டிரைவர்.

முகாமில் ஒரு பெண் அதிகாரி, பழத்தின் தோல் நீக்கும் புது இயந்திரத்துக்கு மானியத்தோடு கடன் உண்டு என்று விளக்கினார். அக்காவின் தம்பி ஜாபருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்கா எழுந்தார்.

"மிஷின் இப்ப வேணாங்க மேடம். இருக்குற கொட்டையே பூசணம் புடிக்குது. அதக் கீழ எறக்கி வெயில்ல போட ஒரு வழி பண்ணுங்க."

"குடுக்குறத வேணாங்கிறியேக்கா!" ஜாபர் பல்லைக் கடித்தார்.

"அதுக்குத் திட்டம் எதுவும் இல்லையேம்மா" என்ற அதிகாரி என்னைப் பார்த்தார். காய்ந்து வந்தால் முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமோ கெஞ்சுவதும் அதட்டுவதும் கேட்டது. நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தவர், "ரேஷன் சாமான் ஏத்திட்டு வந்த வேன் காலியாத்தான் எறங்குது. வத்தலக்குண்டு விற்பனைக் கூடத்துல காயப்போடக் களம் தர்றாங்க. மழை வர்றதுக்குள்ள ஏத்துங்க" என்றார்.

ஜாபருக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் மூட்டையெல்லாம் அவர்தான் தூக்கினார். அடியில் கிடந்தவை நாறிப்போயிருந்தன, அவற்றை விட்டுவிட்டோம். மற்றவை கீழே வெயிலில் காய்ந்து, என் கடைக்கு வந்து சேர்ந்தன.

மழைக்காலத்தில் போகிறவர்கள் வெள்ளனே ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் பாதையை மறைத்துவிடும். முகாமுக்குப் போகிற வியாபாரிகள், அவர்கள் தருவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் திரும்பாதீர்கள். உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

போன வாரம் அக்கா போனில் பேசினார். ரோடு சரியாகிவிட்டதாம். அந்தக் கடனுக்கும் விண்ணப்பித்துவிட்டாராம்.

"அன்னைக்கு வேணாம்னீங்களே?" என்றேன்.

"அன்னைக்கு வேணாந்தான். இப்ப வேணும்ல!"