எண்பதாவது லெவலில் பச்சைச் சட்டை

குமரவேல் அண்ணன் போய்விட்டார்.

நேற்று மார்வலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அவர் ஊரான கம்மாபுரத்தில் எல்லாம் முடிந்து இப்போதுதான் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன்.

பெயரைச் சொன்னால் கேம் ஆடும் நண்பர்களுக்கு ஆள் பிடிபடாது. அதுதான்பா... நம்ம செம்பகம்.

ரிட்டயர் ஆகும் வரை சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் அவர்தான் என் ரிலீவர். நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் அவர் செகண்ட். அவர் வந்து நின்றால்தான் நான் இடத்தை விட்டு நகர முடியும்.

செம்பகம் எங்கள் ஆன்லைன் கேம் கேரக்டர். டீமோடு சண்டைக்குப் போய், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுகிற வைத்தியக்காரி. பச்சைச் சட்டை, கையில் ஒரு கோணல் கம்பு.

ஒருநாள் காடாம்புலியூர் பலாப்பழம் ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவர் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டார். "யாரு தம்பி இந்தப் பொண்ணு? இம்மாந்தூரம் நடந்தே போவுது?"

பழம் அறுக்கும் வரைக்கும் என்று உட்கார்ந்தவர்... அதோடு சரி, மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரே அக்கவுண்ட், ரெண்டு பேர். நான் டூட்டியில் இருக்கும்போது அவர் வீட்டில் ஆடுவார், அவர் டூட்டிக்கு வந்ததும் நான் வீட்டுக்கு ஓடுவேன்.

ஷிப்ட் மாற்றும்போது பெல்ட்டைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், செம்பகத்தைப் பற்றிச் சொல்வது நிறைய. "ரோலர் ஒண்ணு கத்திக்கிட்டே இருக்கு, பாத்துக்கங்கண்ணே" என்பேன் நான். "அவள ஆத்தங்கர சத்திரத்துல வுட்டுருக்கேன். மருந்து வாங்கி வச்சிருக்கேன், வாரி எறச்சிடாத" என்பார் அவர்.

என் மனைவிக்குப் பிரசவம் என்று லீவு போட்டு மதுரைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து டூட்டியில் சேர்ந்த முதல் நாள், என்னை ரிலீவ் பண்ண வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி... தப்பு பண்ணிட்டேன்."

"என்னண்ணே, பெல்ட் அறுந்துருச்சா?"

"பெல்ட்டு கெடக்குது... செம்பகம்."

விஷயம் இதுதான். கேம் கம்பெனிக்காரன் எல்லோருக்கும் ஒரு பூஸ்ட் இலவசமாகக் கொடுத்திருக்கிறான். மாசக்கணக்கில் ஆடி ஏற வேண்டிய லெவலை ஒரே அமுக்கில் ஏற்றிவிடும் பட்டன்.

"புள்ள பொறந்து வர்ற, உனக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்னுதான் அமுக்கினேன்" என்றார். நான் ஒப்படைத்துவிட்டுப் போனது நாற்பத்து மூன்றாவது லெவல்... இப்போது எண்பது.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். தங்கக் கவசம், முதுகில் ஒளி, திரை முழுக்கப் புதுசு புதுசாய் பட்டன்கள். எது எதற்கு என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.

நான் மதுரையில் இருந்தபோதே அவர் ஒரு டீமோடு சண்டைக்குப் போய், உயிர் ஏற்ற வேண்டிய நேரத்தில் வேறு எதையோ அமுக்கி, மொத்த டீமும் காலி. ஆங்கிலத்தில் அர்ச்சனை பண்ணி வெளியே தள்ளினார்கள். அவருக்குப் பாதி புரியவில்லை, நல்லவேளை.

திட்டு அவருக்குப் பெரிசில்லை. "நம்ம புள்ளைய வேற யாரோ வளத்து, ஆளாக்கிக் குடுத்த மாதிரி கீது தம்பி. மூஞ்சி அதான்... ஆனா அவ இல்ல."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேசாமல் இன்னொரு கேரக்டரை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன்.

"அப்ப இவள எங்க வுடறது?" என்று கேட்டார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்... செம்பகம் பழைய காட்டில் நிற்கிறாள். தங்கக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பச்சைச் சட்டை, கோணல் கம்பு!

நாற்பத்து மூன்றாவது லெவலில் நாங்கள் பாதியில் விட்ட வேலைகளை எல்லாம் முடிக்கக் கிளம்பியிருக்கிறார். எண்பதில் இருப்பவளுக்கு அதற்கு ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. கவசத்தோடு போனால் இவள் தொட்டதுமே காட்டுப் பன்றி செத்துவிடுகிறதாம், சண்டை போட்ட மாதிரியே இல்லையாம். அதற்குத்தான் பழைய சட்டை.

வழியில் போகிறவன் எல்லாம் நின்று சிரித்தான். "சிரிக்கட்டும் தம்பி, பாக்கி வேலய வச்சிக்கினு எப்படி மேல போறது" என்று அவர் பாட்டுக்குக் கிராமத்துக் கிழவிக்குத் தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டிருந்தார்.

நானும் சேர்ந்துகொண்டேன். எண்பது வரைக்கும் உள்ள ஊர் எல்லாம் நடந்தே போனோம். புதுப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பழகினோம். அன்றைக்குத் திட்டிய டீமே பிறகு "செம்பகம் வந்தால் சொல்லு, காத்திருக்கிறோம்" என்று மெசேஜ் போட்டது. அன்று டூட்டிக்கு வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பெர்மனென்ட் ஆர்டர் வந்த நாளில்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன பிறகும் அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. ஷிப்ட் இல்லாததால் போனில்தான் ஒப்படைப்பு. அவளும் ஏதோ தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். நல்லாத்தான் இருந்தோம் மூணு பேரும்.

இன்று கிளம்பும்போது அவர் மனைவி கூப்பிட்டார். அந்த அக்கா கேம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்.

"தம்பி, அந்தக் கேம்ல மறுபடி ஏதோ பட்டன் வந்திருக்காமே... உனக்கு போன் பண்ணணும் பண்ணணும்னு நேத்து காலைலகூட சொல்லிக்கினு இருந்தாரு. அத அமுக்கிட வாணாமாம்."

வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்தேன். பட்டன் மின்னிக்கொண்டு இருக்கிறது.

அமுக்கலண்ணே. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.