செகண்ட்ஸ் விலையில் ஒரு கார் ரேஸ்

என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கேம் சி.டி. வாங்கப் போனாலும் பழுது தேடும் அந்தக் கண் ஓயாது. நான் அட்டைப்படத்தைப் பார்த்தே மயங்குகிறவன். அவளோ கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமல் என்னைப் பர்ஸைத் தொட விடமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸ் ஒன்றை அப்படி ஓட்டினாள். மூன்றாவது வளைவில் கார் சுவரில் மோதாமல், அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது.

“டேமேஜ் பீஸுங்க. செகண்ட்ஸ் ரேட்டுக்குக் கொறச்சுக் குடுத்துருங்க” என்றாள் கடைக்காரரிடம்.

“கேமுல ஏதுங்க்கா செகண்ட்ஸ்?”

“ஓட்டை பனியன முழு வெலைக்கு நீங்க வாங்குவீங்களா?”

அவர் போட்டிருந்ததே எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டி-ஷர்ட்தான். குனிந்து ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தார். போயும் போயும் ஒரு பழுதான கேமுக்காகக் கடையில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று வழி நெடுக எனக்கு எரிச்சல்.

வீட்டில் போட்டி வைத்தோம். நான் ஒழுங்காக வளைவைச் சுற்றி வந்தேன். அவள் ஒவ்வொரு முறையும் சுவருக்குள் புகுந்து என்னை முந்தினாள்.

“இது அழுகுணி ஆட்டம்” என்றேன்.

“அந்த ஓட்டைக்குத்தானுங்க நான் காசே குடுத்தேன்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.