பதினேழாம் நம்பர் காட்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் கல்யாணப் பேச்சை நானே கெடுக்கப் பார்த்தேன். அதுவும் வாய் நிறையப் பெருமை பேசி...

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். பழைய பேஸ்பால் காட்ஸ், அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டைகள், சேர்ப்பவன் நான். ஒக்லண்டில் இருந்துகொண்டு பேஸ்பாலா? ரக்பியும் கிரிக்கெட்டும் போதாதா? கேட்காதவர்கள் இல்லை. அதிலும் நட்சத்திர ஆட்டக்காரர்களின் காட்ஸ் எனக்கு வேண்டாம். காசு இருந்தால் அதை எவரும் வாங்கலாமே! அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர் பேக்கரி, பாண் பைக்குள் போட்டுக் கொடுத்த காட்ஸ் — அதுதான் எனக்கு.

முப்பது காட்ஸ் கொண்ட செட். இருபத்தொன்பது கையில் இருந்தன. பதினேழாம் நம்பர் மட்டும் பதினொரு வருடமாகப் போக்குக் காட்டியது.

அது ஏவன்டேல் சந்தையில் கிடைத்தது. பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி பழைய புத்தகங்கள். அதில் ஒரு சமையல் புத்தகத்துக்குள் யாரோ பக்க அடையாளமாக வைத்திருந்தார்கள், வெண்ணெய்க் கறையோடு. படத்தில் இருப்பவர் பெஞ்சிலேயே காலம் தள்ளிய மாற்று ஆட்டக்காரர். அவருடைய ஊரே அவரை மறந்திருக்கும். நானோ விலைகூடக் கேட்காமல் அந்தச் சமையல் புத்தகத்தையே வாங்கிவிட்டேன்.

அந்தப் புளுகத்தில், தலைகால் புரியாத சந்தோஷத்தில், இருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒக்லண்டின் மாசி பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதல் முறையாக வந்தார்கள். மதுரைக்காரர்கள், இதே ஊரில் பாபடோயிட்டோயில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அன்று வேலை. என் மனைவி முதல் நாளே போனில் அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள் — இவருக்குக் காட்ஸ் என்றால் உயிர், சனி ஞாயிறு அதோடுதான் என்று.

வந்தவர்கள் வடையைத் தொடவே இல்லை. அப்பாதான் மெல்ல ஆரம்பித்தார்.

"கார்ட்ஸ் எல்லாம் ரொம்ப நாளாவா சார்?"

"ஓம், கன காலம். ஒரு செட் சேரவே பதினொரு வருசம். ஒரு காட் குறையா இருந்தது. அதுவும் இப்ப சந்தையில கிடைச்சிட்டுது."

அந்த அம்மா என் மகளைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"விட்டுடலாமே சார்?" என்றார் அவர் கணவர்.

"ஏன் விடோணும்? எல்லாம் மகளுக்குத்தானே குடுக்கப்போறன்!"

காட்ஸ், செட், ஒரு காட் குறைவு... அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் ரம்மி! சம்பந்தி ஒரு சூதாடி!

முதலில் விளங்கியது மகளுக்குத்தான். சிரித்துக்கொண்டே போய் ஆல்பத்தை எடுத்து வந்து மாப்பிள்ளையின் அப்பா மடியில் விரித்தாள். வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், தமிழில் சொன்னாள்.

"அங்கிள், இது விளையாடுற காட்ஸ் இல்ல. அப்பா சேர்க்கிற படம்."

பிறகு பாண் பையிலிருந்து வெண்ணெய்க் கறை வரை கதை முழுவதையும் சொன்னாள். இத்தனை வருடமும் நான் சுவரோடு கதைப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்? அவள் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். செட் சேர்ந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை வரவில்லை.

அவர் பதினேழாம் நம்பரை வெகுநேரம் பார்த்தார்.

"பதினோரு வருஷமா இந்த ஒருத்தரையா தேடுனீங்க?"

"ஓம்."

"அப்ப உங்க வீட்டுப் பொண்ணும் புடிச்சத லேசுல விடமாட்டா" என்றபடி முதல் வடையை எடுத்தார்.

ஆக, இரண்டு செட்டும் சேர்ந்துவிட்டது. ஜோக்கர் யார் என்கிறீர்களா? நான்தான்!